நெல்லின் ஈரப்பதமும் அரை சதவீதத் தகராறும்

காவிரி டெல்டாவின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் அறுவடைக் காலத்தில் வாக்குவாதம் எழுந்தால், அது பெரும்பாலும் ஓர் எண்ணைப் பற்றியதாகத்தான் இருக்கும். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. 2023 பிப்ரவரியில், அறுவடை நேரத்து மழைக்குப் பிறகு, டெல்டா மாவட்டங்களுக்கு அதை 20 வரை தளர்த்தினார்கள். ஆனால், அந்த எண்ணைச் சொல்லும் கருவி தண்ணீரை நேரடியாக அளப்பதே இல்லை.

கருவியின் கிண்ணத்தில் கொட்டப்படும் நெல், இரண்டு உலோக மின்முனைகளுக்கு நடுவே நின்று மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் ஒரு மின்தேக்கியின் பகுதியாகிவிடுகிறது. நடுவே இருக்கும் பொருள் மின்தேக்கியின் திறனை எத்தனை மடங்கு கூட்டும் என்பதைச் சொல்லும் எண் மின்காப்பு மாறிலி. அறை வெப்பநிலையில் தண்ணீருக்கு அது ஏறத்தாழ 80; உலர்ந்த மாவுப்பொருளுக்கோ அது ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. எனவே சிறிதளவு ஈரம் கூடினாலும் மின்தேக்குத்திறன் உயர்கிறது, அந்த உயர்வைக் கருவி தன் நினைவகத்தில் உள்ள அளவீட்டு வளைவோடு, அதாவது எந்த மின்தேக்குத்திறனுக்கு எவ்வளவு ஈரம் என்று காட்டும் வரைகோட்டோடு, ஒப்பிட்டுச் சதவீதமாக மாற்றிக் காட்டுகிறது. அந்த வளைவு நேர்கோடு அன்று. மாவுப்பொருளோடு இறுகப் பிணைந்திருக்கும் நீர் மூலக்கூறுகளால் மின்புலத்துக்கு ஏற்பத் தாராளமாகத் திரும்ப முடியாது என்பதால், காய்ந்த நெல்லில் எஞ்சியிருக்கும் நீர் தன் அளவுக்கேற்ற மின்விளைவைக் காட்டுவதில்லை. குறைந்த அலைவெண்ணில் அளந்தால் தானியத்திலுள்ள உப்புகளின் மின்கடத்தலும் கணக்கில் கலந்துவிடும். அமெரிக்க வேளாண் துறை தன் அதிகாரபூர்வ அளவீட்டுக்கு 149 மெகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நடைமுறையில் அதிகம் தொல்லை தருவது வெப்பநிலை. களத்து வெயிலில் காய்ந்த நெல்லைச் சூடாகவே அள்ளிவந்து குளிர்ந்த கிண்ணத்தில் போட்டால், உள்ளேயுள்ள வெப்ப உணரி நெல்லின் உண்மையான சூட்டை எட்டுவதற்குள் எண் வந்துவிடும், வெப்பநிலைக்காகக் கருவி செய்யும் திருத்தமும் பிசகிவிடும். நெல்லை அழுத்திப் போட்டாலும், பதர் மிகுந்திருந்தாலும், வேறு ரகத்துக்கான வளைவைத் தேர்ந்தெடுத்தாலும் எண் நகரும். மின்தடையை அளக்கும் பழைய வகைக் கருவிகளுக்கு இன்னொரு பலவீனம் உண்டு: பனியில் நனைந்த நெல்லின் மேற்பரப்பு ஈரமே மின்னோட்டத்துக்கு வழிவிட்டு, உள்ளதைவிட அதிகமாகக் காட்டவைக்கும்.

இவற்றுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்வது ஆய்வகத்தின் உலர்த்தும் அடுப்புதான். எடைபோட்டு, 130 டிகிரிச் சூட்டில் உலர்த்தி, மீண்டும் எடைபோட்டால் குறைந்த எடையே நீர். மின்கருவியின் வளைவுகளும் இத்தகைய முறையை வைத்தே வரையப்படுகின்றன என்பதால், பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு கருவியையும் அந்தப் பகுதி ரகங்களைக் கொண்டு அடுப்போடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பயன்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 40 கிலோ சிப்பம் 20 சதவீதத்திலிருந்து 17-க்கு இறங்கும்போது ஏறத்தாழ 1.45 கிலோ எடை குறைகிறது. 17.5-லிருந்து 17-க்கு இறங்கினால் குறைவது சுமார் 240 கிராம். இவ்வகைக் கருவிகளில் அரை சதவீதப் பிழை இயல்பு. ஆகவே, அந்தக் கால் லிட்டர் தண்ணீருக்காக மூட்டைகளை அவிழ்த்து மறுபடியும் களத்தில் கொட்டச் சொல்வதற்கு முன், குவியலின் மேலும் நடுவிலும் அடியிலுமாக நெல் எடுத்து, நிழலில் ஆறவிட்டு, இன்னொரு முறை அளந்து பார்க்கலாம்.