முப்பது பொத்தான், அறுபது ரீடு: புதுப் பெட்டியோடு நாலு மாதம்

நவம்பரில் புதுக் கான்சர்டினா கைக்கு வந்தது. இப்போது மார்ச். காசு சேர்த்துக்கொண்டு "அடுத்த பெட்டிக்குப் போகலாமா" என்று யோசிப்பவர் யாராவது இருந்தால் உதவட்டும் என்று, நாலு மாதத்தில் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: ஆர்மோனியத்தைச் சுருக்கி ஆறு பக்கமுள்ள டப்பாவாக்கி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தும் அமுக்கியும் வாசிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது ஆங்கிலோ வகை, சி/ஜி, அதாவது முக்கிய வரிசை இரண்டில் ஒன்று சி சுருதி, மற்றது ஜி. மவுத் ஆர்கனில் ஊதினால் ஒரு ஸ்வரம், உறிஞ்சினால் வேறு ஸ்வரம் வருமே, அதே கதைதான் இங்கேயும். ஆகவே முப்பது பொத்தானுக்கு அறுபது ரீடு, அதாவது காற்றில் அதிர்ந்து சத்தம் எழுப்பும் உலோக நாக்கு.

நான் இருப்பது அயர்லாந்தில், க்ளேர் பகுதியின் எனிஸ் ஊரில். கான்சர்டினாவுக்கு இதுதான் தஞ்சாவூர் மாதிரி. இங்கே வந்து மூன்றாம் வருஷம், சுமார் 400 யூரோவுக்கு ஒரு ஆரம்பநிலைப் பெட்டி வாங்கினேன். அதைக் குறை சொல்ல மனசு வரவில்லை, எல்லாம் கற்றுக்கொண்டது அதில்தான். ஆனால் பெரிசு, துருத்தி விறைப்பு, ரீடு பேச ஆரம்பிக்கவே ஒரு அழுத்து அழுத்த வேண்டும். இரண்டு தடவை பொத்தான் உள்ளே போனது வெளியே வரவில்லை. ஆறு திருகைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங் நழுவிக் கிடக்கிறது. மனைவியின் புருவம் திருத்தும் இடுக்கியால் எடுத்து மாட்டினேன். அந்த இடுக்கி இன்னும் என் பெட்டிக்குள்தான் இருக்கிறது, அவளுக்குத் தெரியாது.

புத்தி கெட்டது மில்டவுன் மால்பேயில். இதுவும் க்ளேரில் உள்ள ஊர்தான். ஜூலையில் அங்கே வில்லி க்ளான்ஸி வாரம் என்ற ஐரிஷ் இசை விழா நடக்கும், 1973இலிருந்து நடக்கிறது, ஊர் முழுக்க வகுப்புகள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "கொஞ்சம் வாசித்துப் பார்" என்று தன் பெட்டியை நீட்டினார். பொத்தானைத் தொட்டேன், சத்தம் வந்துவிட்டது. நான் இன்னும் இழுக்கவே ஆரம்பிக்கவில்லை என்று தோன்றியது. அன்று சாயங்காலமே ஒரு கைவினைஞருக்கு எழுதினேன். தனி ஆளாகச் செய்பவர். முன்பணம் கட்டி இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். விலை ஐயாயிரம் யூரோவைத் தாண்டியது. ஊரில் அப்பாவிடம் இன்றுவரை நிஜ விலையைச் சொல்லவில்லை.

வித்தியாசம் எங்கே என்றால் ரீடில். பழைய பெட்டியில் அக்கார்டியன் ரீடு. ஆர்மோனியத்தில் பார்த்திருப்பீர்கள், தகட்டின் மேல் நாக்கை ரிவிட் அடித்திருக்கும், அந்த ஜாதி. புதியதில் ஒவ்வொரு எஃகு நாக்குக்கும் தனித்தனிப் பித்தளைச் சட்டம், அதை மரப் பலகையில் வெட்டிய காடியில் பசை எதுவும் இல்லாமல் இறுக்கமாகச் செருகியிருக்கிறார். சுருதி சேர்ப்பது அரத்தால்: நுனியில் ராவினால் சுருதி ஏறும், அடியில் ராவினால் இறங்கும். அறுபது தடவை இந்த வேலை. இரண்டு வருஷம் ஏன் ஆகிறது என்பது அதைத் திறந்து பார்த்த அன்றுதான் உறைத்தது.

முதல் வாரம் கேவலமாக இருந்தது. பழைய பெட்டிக்குப் பழகிய கை, துருத்தியை உலுக்கி உலுக்கி இழுத்தது, இது பதிலுக்குக் கத்தியது. "அப்பா, வாத்தை மிதிச்ச மாதிரி இருக்கு" என்றாள் மகள். அப்புறம் ஒரு வாரம் ட்யூன் எதுவும் வாசிக்காமல் ஒரே ஸ்வரத்தை, எவ்வளவு மெல்ல இழுத்தால் பேச்சு நிற்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில்தான் கை அடங்கியது.

இதைவிடப் பெரிய அடி பொத்தான் வரிசையில். எந்தப் பொத்தானில் எந்த ஸ்வரம் என்பதற்கு வீட்ஸ்டன், ஜெஃப்ரீஸ் என்று இரண்டு முறை உண்டு. பழையது வீட்ஸ்டன் முறை. ஆர்டர் கொடுக்கும்போது எது வேண்டும் என்று கேட்டார், வாத்தியார் சொன்னாரே என்று ஜெஃப்ரீஸ் முறை என்று எழுதிவிட்டேன். மேல் வரிசையில் நாலைந்து பொத்தான்தானே மாறுகிறது என்ற அலட்சியம்.

அந்த நாலைந்தில் ஒன்று வலது கையின் முதல் பொத்தான். வீட்ஸ்டனில் அமுக்கினால் சி ஷார்ப், இழுத்தால் டி ஷார்ப். ஜெஃப்ரீஸில் அப்படியே தலைகீழ். ஐரிஷ் ட்யூன்களில் பெரும்பகுதி டி, ஜி சுருதியில்தான். டி-யை ஸட்ஜமமாக வைத்துப் பாருங்கள், சி ஷார்ப்தான் நிஷாதம். ஆக, நிஷாதம் வரும் இடமெல்லாம் விரல் பழைய திசையில் போய் டி ஷார்ப்பில் விழுந்தது. சங்கராபரணத்தில் நிஷாதம் எடுக்கப் போனவன் ரிஷபத்தில் இடித்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும், அப்படி. டிசம்பர் முழுக்க இதே பாடு.

ஆனால் பழகினபின் கிடைத்தது பெரிசு. ப த நி ஸ நான்கையும் ஒரே இழுப்பில் வாசிக்கலாம். முன்பு நான் பழகியிருந்த விரலில் பவும் தவும் இழுப்பு, நிக்கு அமுக்கு, ஸவுக்கு மறுபடி இழுப்பு என்று துருத்தி திக்கித் திக்கிப் போகும். இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. தொல்லை, காற்று தீர்ந்துவிடுகிறது. ரீல் என்னும் வேகமான ஆட்ட ட்யூனில் கட்டைவிரலால் காற்றுப் பொத்தானை எங்கே திறப்பது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும், அது இன்னும் கைவரவில்லை.

ஜனவரியில் ஒரு பயம். இடது கைக் கீழ் ஸ்வரம் இரண்டு ஜிர்ரென்று இரைந்தன. விலையுயர்ந்த சாமானை உடைத்துவிட்டேன் என்று பெட்டி செய்தவருக்குப் போன் போட்டால், அவர் முதலில் கேட்டது "ஹீட்டர் பக்கத்தில் வைத்திருக்கிறாயா?" ஆமாம், அங்கேதான் வைத்திருந்தேன். குளிர்காலத்து ஹீட்டரில் காற்று காய்ந்து மரப் பலகை சுருங்கி, செருகியிருந்த ரீடுகள் தளர்ந்துவிட்டன. எதையும் தொடாதே, குளிர்ந்த அறைக்கு மாற்று என்றார். ஈரப்பதமானி வாங்கி வைத்தேன், 36 சதவீதம் காட்டியது. பத்து நாளில் தானே சரியாயிற்று. மழைக்காலத்தில் ஊருக்கு எடுத்துப்போனால் எதிர்த் தொல்லை வரும், மரம் ஊதி ரீடை நெருக்கிவிடும். அதனால் தஞ்சாவூருக்குப் பழைய பெட்டிதான் வரும். அதை விற்கவில்லை.

நல்ல பெட்டி இல்லாமல் வாசிக்க முடியாதா என்றால், இதே க்ளேர் கிராமங்களில் நூறு வருஷத்துக்கு முன்னால் பலர், அதிலும் பெண்கள், வாசித்தது மலிவான ஜெர்மன் பெட்டியில்தான். ஊரே அதற்கு ஆடியிருக்கிறது. ஆகவே வாசிப்பு தேறும் என்று இதை வாங்காதீர்கள். எனக்கு வேகம் துளிகூடக் கூடவில்லை. மெல்ல வாசிக்க முடிகிறது, அவ்வளவுதான். ராத்திரி பத்து மணிக்கு, மகள் தூங்கும் அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து வாசிக்க முடிகிறது. பழையதில் அது நடக்காது.

இன்று ஈரப்பதமானி 54 காட்டுகிறது. டி ஷார்ப் விபத்து நேற்று ஜிக் என்னும் ஆட்ட ட்யூன் ஒன்றில் இரண்டு, அதற்கு முந்தின நாள் ஐந்து.