எல்லாருக்கும் 18

"பிபி 118/76, ஆக்சிஜன் 96. எல்லாம் நார்மல்தான் அக்கா" என்றாள் பயிற்சிக்கு வந்த நர்சிங் மாணவி.

மூச்சு? சார்ட்டில் நிமிடத்துக்கு 18. பக்கத்துப் படுக்கைக்கும் 18. அதற்கடுத்ததற்கும் அதே 18. (எண்ணாமலே எழுதிவைக்கும் இந்த 18 எல்லா வார்டிலும் உண்டு!)

நாடி பார்ப்பதுபோல் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள், கண் நெஞ்சில் இருக்கட்டும் என்றேன். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் போக்கே மாறிவிடும்.

முழு ஒரு நிமிடம் எண்ணினாள். 28.

பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரைதான் இயல்பு. உடம்பு சமாளிக்கும்வரை பிபி நன்றாகவே காட்டும்; பெரும்பாலும் மூச்சுதான் முதலில் ஏறும். கழுத்துத் தசை இழுக்கிறதா, பேச்சை நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறாரா என்றும் பார்க்கச் சொன்னேன்.

அப்புறம் டாக்டருக்கு போன் போட்டது அவள்தான். 'ஒரு மாதிரி இருக்கிறார்' என்று இழுக்கவில்லை. எடுத்த எடுப்பில் எண்ணைச் சொன்னாள்.