வெள்ளைப் பணியாரம் வெள்ளையாகவே வர

செட்டிநாட்டுப் பலகாரங்களில் சேர்மானம் குறைவானது வெள்ளைப் பணியாரம். பச்சரிசி, உளுந்து, உப்பு, துளி சர்க்கரை, பொரிக்க எண்ணெய். மாவைப் புளிக்க வைக்கிற வேலைகூடக் கிடையாது. ஆனாலும் காரைக்குடிப் பக்கம் கைப்பக்குவத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தப் பணியாரத்தைத்தான் இழுப்பார்கள். நடுவில் உப்ப வேண்டும், ஓரம் மெல்லிசாக விரிய வேண்டும், பிய்த்தால் உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும், அதே சமயம் ஒரு இடத்திலும் சிவக்கக் கூடாது. மசாலா, தாளிப்பு எதையும் போட்டுச் சரிக்கட்ட முடியாது. எனக்கு இதன்மேல் ஆசை வந்ததே அதனால்தான்.

போன ஆடியில் ஆரம்பித்தேன். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை இடைப்பலகாரத்துக்கு இது மட்டும்தான். கொஞ்ச அளவு, அதே சட்டி, அதே அடுப்பு. ஒரு வாரத்துக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுவது, நடந்ததை நோட்டில் எழுதி வைப்பது. இதுவரை தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

முதலில் அளவு. எதிர்வீட்டு ஆச்சி சொன்னது இது: "அரிசியைத் தலைதட்டி அளந்துக்கங்க தம்பி. அதுமேலேயே உளுந்தை நிக்கிற மட்டும் கோபுரமா வைங்க. அம்புட்டுத்தான் கணக்கு." கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கோபுரம் எவ்வளவு நிற்கும் என்பது பாத்திரத்தின் வாயைப் பொறுத்தது. அகலமான வாய் என்றால் உளுந்து அதிகம் நிற்கும், குறுகல் என்றால் குறைவு. எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரிலும், ஆச்சி வீட்டுப் பித்தளை ஆழாக்கிலும் அதே அரிசியை அளந்து, மேலே நின்ற உளுந்தை எடை போட்டுப் பார்த்தேன். ஆழாக்கில் நன்றாகவே கூட இருந்தது. ஆச்சி கணக்கு ஆச்சியின் ஆழாக்குக்குச் சரி. அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே ஆழாக்கில்தான் அளக்கிறார், அதனால் அவருக்குத் தராசு தேவைப்படவில்லை. நான் அதே மாதிரி ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கிவிட்டேன். அதில் அரிசியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உளுந்து நிற்கிறது. உளுந்து கூடினால் பணியாரம் மெத்தென்று வரும், ஆனால் எண்ணெய் குடிக்கும். குறைந்தால் விறைப்பாகிவிடும். அரைத்த உளுந்தின் வழவழப்புதான் காற்றைப் பிடித்து வைக்கிறது. வடையிலும் இட்லியிலும் அது செய்கிற வேலையும் இதுதான்.

ஊறல் இரண்டு மணி நேரம், இரண்டையும் ஒன்றாகவே. கொஞ்ச மாவுக்கு கிரைண்டர் சரிப்படாது, கல்லில் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மிக்சியில் சில்லென்ற தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, விட்டு விட்டு அரைக்கிறேன், சூடேறக் கூடாது என்பதற்காக. விரலில் தொட்டால் நறநறப்பு துளியும் தெரியக் கூடாது. பதம் தோசை மாவைவிடக் கொஞ்சம் இளக்கம். கெட்டியானால் போண்டா மாதிரி உருண்டுகொள்ளும், நீர்த்தால் எண்ணெயில் சிதறி வலைவலையாகப் பிரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர்தான். புரட்டாசியில் கடைக்காரர் புது அரிசி கொடுத்துவிட்டார், வழக்கமான தண்ணீருக்கே மாவு தளர்ந்துபோனது. அன்றிலிருந்து கடைசித் தண்ணீரை அளந்து ஊற்றுவதை விட்டுவிட்டு, கரண்டியிலிருந்து மாவு விழுகிற விதத்தைப் பார்க்கிறேன். அறுந்து அறுந்து விழாமல், பட்டையாக வழிந்து உடனே மட்டமாக வேண்டும். பல வாரம் அதே மாவைப் பார்த்த பிறகு கண் இதைத் தானாகவே பிடித்துக்கொள்கிறது.

அரைத்த உடனே ஊற்றிவிட வேண்டும். வைத்திருந்து புளித்தால் ருசி வேறாகிவிடும். சர்க்கரை துளியே போதும், கூடினால் நிறம் ஏறும். பால் சேர்க்கிறவர்களும் உண்டு. ஒரு கரண்டி வரை மென்மை தருகிறது, அதற்குமேல் போனால் ஓரம் சிவக்கிறது. பாலிலும் சர்க்கரை இருக்கிறதே.

இனி எண்ணெய். நோட்டில் பாதிப் பக்கம் இதற்குத்தான் போயிருக்கிறது. கடலை எண்ணெய், புதிது. ஒருமுறை பொரித்த எண்ணெய் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் பணியாரத்தில் மஞ்சள் பூத்துவிடும். சட்டி குழிவாக இருக்க வேண்டும், நடுவில் எண்ணெய் ஆழம் வேண்டும். ஒரு சொட்டு மாவு விட்டால் நிறம் மாறாமல் மேலே வர வேண்டும். உடனே சிவந்தால் காய்ச்சல் அதிகம், அடியிலேயே உட்கார்ந்திருந்தால் போதவில்லை. பிறகு ஒரே ஒரு கரண்டி மாவு, எண்ணெய்க்குக் கிட்டத்தில் வைத்து, நடுவில், ஒரே ஊற்று. கை தயங்கி இரண்டாக ஊற்றினால் இரண்டு அடுக்காகத் தெரியும். மாவு கீழே போகிறது, இரண்டு மூச்சு விடுவதற்குள் எழும்புகிறது. அப்போது சுற்றியுள்ள எண்ணெயை மேலே வாரி விட்டால் நடு உப்புகிறது. திருப்பி, சலசலப்பு அடங்கத் தொடங்கும்போதே எடுத்துவிட வேண்டும். முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் நிறம் வந்துவிடும். ஒரு சமயத்துக்கு ஒன்றுதான். அடுத்ததை ஊற்றுமுன் எண்ணெய் பழைய சூட்டுக்கு வர நேரம் கொடுக்க வேண்டும்.

சட்டியை மாற்றாமல் இருந்தது இங்கேதான் கைகொடுத்தது. இந்தச் சட்டியில், இந்த அளவு எண்ணெயில், தீயை எங்கே வைத்தால் எந்தச் சத்தம் வரும் என்று காதுக்குப் பழகிவிட்டது. ஐப்பசி அடைமழையில் அதே தீ போதவில்லை என்பதையும் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். தெர்மாமீட்டர் வாங்கலாமா என்று யோசித்த காலம் உண்டு, இப்போது தேவைப்படவில்லை.

திருக்கார்த்திகை வந்ததும் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்புக் கணக்கு தொடங்கியது. புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஒரு நூலாக 21 நாள் எடுத்து வைப்பார்கள். மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் அந்த 21 நூலையும் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த அரிசிமாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். இழை எடுத்துக்கொள்வது என்பார்கள். ஒரு நூல் உருவுவது பெரிய வேலை இல்லை. ஆனால் எவ்வளவு வேலை கிடந்தாலும் ஆச்சி அதைத் தள்ளிப்போட்டு நான் பார்த்ததில்லை. நான் ஞாயிற்றுக்கிழமையை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அந்த வீட்டு வழக்கமும் ஒரு காரணம்.

நோன்பன்று அவர் வீட்டில் இரண்டு அடுப்பு. ஆச்சி கருப்பட்டிப் பணியாரத்தில் இருந்தார். "வெள்ளையை நீங்க ஊத்துங்க தம்பி, உங்களுக்குத்தான் கை வந்துருச்சே" என்று கரண்டியை நீட்டினார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு வேண்டாம். ஊற்றியதில் பெரும்பாலானவை நன்றாகவே வந்தன. வரமிளகாய்த் துவையலோடு சூடாகக் காலியாயின.

ஆனால் நிறையச் சுடும்போது ஒரு புதுச் சிக்கல் தலைகாட்டியது. எண்ணெய் மட்டம் இறங்க இறங்கப் பணியாரம் தட்டையாகிறது. பச்சை எண்ணெயை ஊற்றிச் சரிசெய்தால் அடுத்த மூன்று நான்கு எண்ணெய் குடிக்கிறது. இப்போது பக்கத்தில் ஒரு சின்னச் சட்டியில் எண்ணெயைக் காய்ச்சி வைத்துக்கொண்டு, அதிலிருந்து எடுத்து ஊற்றுகிறேன். இது சரியாக வருகிறது.

பாக்கி இருப்பது ஓரம். ஆச்சி ஊற்றினால் சுற்றிலும் ஒரே மாதிரி மெல்லிசாக விரிகிறது, எனக்கு ஒரு பக்கம் தடித்துப்போகிறது. அவருடைய இரும்புக் கரண்டி குழி குறைந்தது, வாய் அகலமானது. அதே மாதிரி ஒன்று கிடைத்திருக்கிறது. வரும் ஞாயிறு கரண்டி மட்டும் மாறும், மற்றதெல்லாம் அப்படியே.