கொள்ளுக்கும் எரு வேண்டும்

"கொள்ளுக்கு எதற்கு எரு?" என்று கேட்காதவர்கள் எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் குறைவு. சாமை அறுத்த கொல்லையில் புரட்டாசி ஈரத்தைப் பிடித்து ஓர் உழவு ஓட்டி, விதையை வீசிவிட்டு வந்தால் தை மாதத்தில் பிடுங்கிக்கொள்ளலாம் என்பதே வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படியே செய்தேன். காய் பிடிக்கும் நேரத்தில் செடி சோர்ந்து நின்றபோதெல்லாம் மழையைத்தான் நொந்துகொண்டேன்.

கொள்ளு தனக்கு வேண்டிய தழைச்சத்தின் (நைட்ரஜன்) பெரும்பகுதியை வேர் முடிச்சிலுள்ள ரைசோபியம் என்ற நுண்ணுயிர் வழியாகக் காற்றிலிருந்து பெற்றுக்கொள்ளும். மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) அப்படியொரு வழி இல்லை. அது மண்ணில்தான் இருக்க வேண்டும். முடிச்சு கட்டுவதற்கும் அது வேலை செய்வதற்கும் மணிச்சத்து தேவை என்பதால், அது குறைந்த செம்மண்ணில் தழைச்சத்தும் சேர்ந்தே குறைந்துவிடுகிறது. முப்பது நாள் பயிரை மண்ணோடு பெயர்த்தெடுத்து, வேரைத் தண்ணீரில் அலசி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது உழைக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. என் கொல்லையில் முதன்முறை பார்த்தபோது, கடுகளவு முடிச்சுகள் நான்கைந்துதான் இருந்தன, அவையும் வெளுத்தவை.

ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் என்பது பரிந்துரை. மானாவாரிக் குடியானவரிடம் அவ்வளவு எரு எங்கே இருக்கிறது? இருக்கிற கொஞ்சத்தைச் செம்மையாக்கி இடுவதே நமக்கு முடிந்த வழி. அவசரப்பட்டு ஓர் ஆண்டு அரைகுறையாக மட்கிய குப்பையைக் கொட்டிக் கரையானையும் களையையும் வரவழைத்துக்கொண்ட பிறகு, நன்றாக மட்கி மண்வாசனை வந்த எருவை மட்டுமே கொல்லைக்கு ஏற்றுகிறேன். ஏக்கருக்கு 300 கிலோ எருவுடன் மணிச்சத்துள்ள பாறைத்தூளான பாறை பாஸ்பேட்டை 50 கிலோவும், அந்தச் சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா நுண்ணுயிரையும் கலந்து, ஈரம் காயாமல் ஒரு மாதம் நிழலில் மூடி வைத்து, விதைக்கும் சாலிலேயே இடுகிறேன். பாறை பாஸ்பேட் சற்றே புளிப்பான செம்மண்ணில்தான் கரையும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் அதற்குச் செலவழிப்பது வீண்.

கோடையில் கொல்லையில் ஆடுகளை அடைத்து ஆட்டுப்பட்டி போட முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. "ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்" என்பார்கள். நூறு நாளில் முடியும் பயிருக்கு அவ்வருடப் பலன்தான் வேண்டும். பட்டியை மாற்றியவுடன் மேலாக உழுது புழுக்கையையும் மூத்திரத்தையும் மண்ணுக்குள் தள்ளிவிட வேண்டும். வெயிலில் கிடந்தால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும்.

விதை நேர்த்திக்கு அதிகச் செலவில்லை. ஆறிய அரிசிக் கஞ்சியில் 200 கிராம் ரைசோபியம் பாக்கெட்டைக் கரைத்து, ஏக்கருக்கான 8 கிலோ விதையைச் சாக்கின் மேல் பரப்பிப் பிசிறி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிடுகிறேன். பயறு வகைக்குரிய பாக்கெட்டா என்று பார்த்து வாங்குங்கள். சோயாவுக்குரியது கொள்ளுக்கு ஆகாது.

அறுவடையில் ஒன்றை மாற்றியிருக்கிறேன். செடியை வேரோடு பிடுங்குவதை விட்டு, அரிவாளால் தரையோடு அறுக்கிறோம். ஏக்கருக்கு இரண்டு ஆள் கூலி கூடுகிறது. ஆனால் வேர் அங்கேயே மட்குகிறது, களத்தில் மண்கட்டி சேராததால் கொள்ளும் சுத்தமாக வருகிறது, காய்த்தோலும் சருகுமான பொட்டையும் மாடுகள் மிச்சம் வைக்காமல் தின்கின்றன.