கோல்டு கார்டும் பெரியப்பாவின் துண்டும்

எங்கள் பெரியப்பா இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வித்தை ஒன்று உண்டு. மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசி, மூன்று பேர் சீட்டில் சுருக்கம் இல்லாமல் விரித்துவிடுவாராம். "விரிச்ச துண்டை எவனும் எடுக்க மாட்டான்டா. சண்டை போடுவான், வைவான், ஆனா எடுக்க மாட்டான்" என்பார்.

போன மாதம் அவருடைய பேத்திக்குத் திருமங்கலத்தில் காதுகுத்து. மகளுக்கு ட்யூஷன் இருக்கிறது, ஒரு நாள்கூட விட முடியாது என்று என் மனைவி வரவில்லை. நான் மட்டும் சென்னையிலிருந்து போனேன். திரும்பி வர இரவு 8.40 விமானத்தில் டிக்கெட். குழந்தை அழுது முடித்து, மொய் எழுதி, கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவும்போது மணி ஒன்று. இன்னும் ஏழரை மணி நேரம் என்ன செய்வது? பந்தலில் உட்கார்ந்தால் யாராவது வந்து "என்ன தம்பி, சென்னையில இடம் கிடம் வாங்கியாச்சா?" என்று ஆரம்பிப்பார்கள். போனை நோண்டினேன். அதே நிறுவனத்தின் விமானம் ஒன்று மாலை 4.10-க்கு இருந்தது. அதில் இடமும் இருந்தது.

இங்கே என் கோல்டு கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபீஸ் வேலையாக மாதம் இரண்டு தடவை டெல்லி போய் வந்ததில், அந்த விமான நிறுவனம் என்னை வெள்ளியிலிருந்து தங்கத்துக்கு உயர்த்தியிருந்தது. அடிக்கடி பறக்கிறவர்களுக்குச் சலுகை தருவதற்காக 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஆரம்பித்த மைல் கணக்குத் திட்டம் இன்றைக்கு உலகம் பூராவும் இருக்கிறது. நம் ஊர் கணக்கில் சொன்னால் கொசுறுதான். வாடிக்கையாகப் பூ வாங்குகிறவர்களுக்குப் பூக்காரம்மா ஒரு முழத்தோடு நாலு விரற்கடை சேர்த்து விடுவதில்லையா, அதே சமாசாரம். என்ன, பூக்காரம்மா நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் எழுதி வைப்பதில்லை. வாழ்த்துக் கடிதம் வந்த அன்று மனைவியிடம் காட்டினேன். "தங்கம் விக்கிற விலைக்கு இதை அடகு வைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

அடகு வைக்க முடியாது. ஆனால் அதே நாளில், அதே வழித்தடத்தில், முந்தைய விமானத்தில் இடம் இருந்தால் கட்டணமில்லாமல் மாறிக்கொள்ளலாம் என்று சலுகைப் பட்டியலில் இருந்தது. அதுவரை அந்தக் கார்டால் நான் கண்ட பலன், பெட்டி முதலில் வந்து சேரட்டும் என்று அவர்கள் கட்டிவிடும் ஆரஞ்சுச் சீட்டு மட்டும்தான். இன்றைக்கு விடக்கூடாது என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால் சீக்கிரம் வீட்டுக்குப் போகும் ஆசையைவிட, கார்டை ஒரு தடவையாவது நீட்டிப் பார்க்கும் ஆசைதான் பெரிது.

ஆப்பில் மாற்றப் பார்த்தேன். கோல்டு என்று பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டே மூவாயிரத்துச் சொச்சம் கேட்டது. உதவி எண்ணைக் கூப்பிட்டால், "இலவசமாக மாற்றுவது விமான நிலையத்தில்தான் சார். செக்-இன் ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிடும், அதற்குள் போய்விடுங்கள்" என்றது ஒரு பெண் குரல். 3.10-க்குள் வேலை முடிய வேண்டும்.

பெரியப்பாவிடம் சொன்னதுதான் தாமதம், வேட்டியை மடித்துக் கட்டி, பந்தலில் இருந்த ஒரு காரைக் கிளப்பச் சொல்லிவிட்டார். யாருடைய கார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கப்பலூர் தாண்டி ரிங் ரோட்டைப் பிடித்து, மண்டேலா நகரில் திரும்பும் வரை ஒரே கேள்விதான்.

"அப்போ ராத்திரி வண்டிக்கு வாங்கின டிக்கெட்டை வச்சு சாயங்கால வண்டியில ஏத்துவானா?"

"ஏத்துவான் பெரியப்பா. நான் கோல்டு."

"துண்டு போட்ட மாதிரி."

"ஆமா, கிட்டத்தட்ட."

2.20-க்கு இறங்கினோம். வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் டிக்கெட்டைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரவு 8.40 விமானத்துக்கு இப்போதே உள்ளே விட முடியாது. டிக்கெட்டை மாற்றத்தான் வந்திருக்கிறேன் என்றேன். மாற்றிவிட்டு வாருங்கள் என்றார். மாற்றும் கவுன்டர் உள்ளே இருக்கிறதே என்றேன். உள்ளே போக மாற்றிய டிக்கெட் வேண்டும் என்றார். அவர் பேச்சில் ஒரு பிழையும் இல்லை, என் பேச்சிலும் இல்லை. வெளிப்பக்கமாக நிறுவனத்தின் டிக்கெட் ஜன்னல் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு நாற்காலி, நாற்காலி முதுகில் ஒரு கோட்டு. ஆள் சாப்பிடப் போயிருந்தார். கோட்டும் ஒருவகைத் துண்டுதானே.

மணி 2.45 ஆயிற்று. பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. யூனிபார்ம் போட்ட யார் வெளியே வந்தாலும் மறித்து, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, உரத்த குரலில் சொன்னார்:

"தம்பி, எங்க தம்பி மகன்கிட்ட கோல்டு இருக்கு! உள்ள விட மாட்டேங்கிறாங்க!"

மதுரை விமான நிலையத்தில் நின்றுகொண்டு கத்தக்கூடாத வாக்கியங்களில் இது முதலாவது. துபாயிலிருந்தும் கொழும்பிலிருந்தும் விமானம் வந்து போகும் இடம் இது. பசையாகக் குழைத்த தங்கம் பிடிபட்டது, எங்கெங்கோ ஒளித்துக் கொண்டு வந்தது பிடிபட்டது என்று பேப்பரில் அடிக்கடி செய்தி வரும் இடம். கூட்டத்தில் நாலைந்து தலை ஒரே நேரத்தில் திரும்பியது. பக்கத்தில் நின்ற குடும்பம் தங்கள் பெட்டியை இரண்டடி தள்ளி வைத்துக்கொண்டது. காவலர் இந்தத் தடவை என்னை நிதானமாகப் பார்த்தார்.

"எவ்வளவு கோல்டு?"

"கார்டு சார். கோல்டு கார்டு. பிளாஸ்டிக்."

"இம்புட்டு நேரம் கோல்டுன்னுதானே சொன்ன?" என்றார் பெரியப்பா, என்னிடம், ஏமாந்த குரலில்.

இந்தக் கூத்தில் ஒரு நன்மை. சத்தம் கேட்டு அந்த நிறுவனத்தின் பெண் ஒருத்தி வெளியே வந்தாள். கார்டை வாங்கிப் பார்த்தாள், ஜன்னலுக்கு உள்பக்கம் போனாள், தட்டினாள். மூன்றே நிமிடம். 3.02-க்கு 4.10 விமானத்தின் போர்டிங் பாஸ் என் கையில். ஒரு பைசா கேட்கவில்லை. "முதல் வரிசை போட்டிருக்கேன் சார், கோல்டு மெம்பர்ல" என்றாள். பெரியப்பா என் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். கையில் தாம்பூலப் பையைத் திணித்தார். பிறகு தன் தோளில் கிடந்த குற்றாலத் துண்டை எடுத்து என் தோளில் போட்டார். "வச்சுக்க. எதுக்கும் இருக்கட்டும்."

பாதுகாப்புச் சோதனையில் தாம்பூலப் பை மாட்டியது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், லட்டு எல்லாம் சரி. தேங்காயைக் கைப்பையில் கொண்டு போக முடியாது. 2024-இல் சபரிமலை சீசனுக்கென்று இருமுடித் தேங்காய்க்கு விலக்கு கொடுத்தார்கள். காதுகுத்துத் தேங்காய்க்கு யாரும் கொடுக்கவில்லை. நான் கோல்டு என்று சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வாசலில் பட்டது போதும் என்று தேங்காயைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். துண்டுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.

கோல்டு மெம்பர்கள் முதலில் வாருங்கள் என்று அழைத்தார்கள். நான் ஒருவன்தான். கம்பீரமாகப் போய் பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி, உள்ளே தள்ளி நின்றேன். மற்ற எல்லோரும் எனக்குப் பின்னால் ஏறி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எனவே விமானத்தடியில் கடைசி ஆளாக இறங்கினேன். அது இறக்கைக்கு ஒரு காத்தாடி வைத்த ஏடிஆர் ரகம். அதில் சாமான் அறை முன்பக்கம் இருப்பதால் பயணிகள் ஏறுவது இறங்குவது எல்லாம் பின்கதவு வழியாகத்தான். முதல் வரிசைக்காரன் முழு நீளமும் நடக்க வேண்டும். சென்னையில் இறங்கும்போது கைக்குழந்தைக்காரர்கள், தாத்தா பாட்டிகள், தூங்கிப்போனவர்கள் எல்லோரும் போன பிறகு கடைசியாக வெளியே வந்தது நான். ஆரஞ்சுச் சீட்டு கட்டியிருந்தும் பெட்டி எட்டாவதாக வந்தது.

போகட்டும். ஏழு மணிக்கு வீட்டு வாசலில் இருந்தேன். பதினோரு மணிக்கு வர வேண்டியவன் ஏழுக்கே வந்து நிற்பதைப் பார்த்து எல்லோரும் அசந்து போகட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. கதவில் பூட்டு தொங்கியது. சாவி நான் கொண்டு போகவில்லை.

மனைவியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்து, ரகசியக் குரலில், "என்னங்க, ஃப்ளைட் ஏறியாச்சா?" என்றாள். பின்னணியில் காது கிழியும் சண்டைக் காட்சி சத்தம்.

"ட்யூஷன் ரொம்பப் பலமா நடக்குது போல."

ஒரு நொடி சண்டைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "இன்டர்வெல் இப்பத்தான் முடிஞ்சுது. நீங்க எங்க இருக்கீங்க?"

படம் முடிந்து, அப்படியே சாப்பிட்டுவிட்டு வர ஒன்பதரை ஆகும் என்று தெரிந்தது. போனை வைத்ததும் பெரியப்பா அழைத்தார்.

"இறங்கிட்டியாடா? உட்கார இடமெல்லாம் நல்லாக் கிடைச்சுதா?"

மாடிப்படியைப் பார்த்தேன். மூன்றாவது படி கொஞ்சம் சுத்தமாக இருந்தது.

"கிடைச்சுது பெரியப்பா. துண்டு விரிச்சுத்தான் உட்காரப் போறேன்" என்று சொல்லிவிட்டு, தாம்பூலப் பையிலிருந்து லட்டை எடுத்தேன்.