ஹெமிங்வேயின் காளைகள்

அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் 'டெத் இன் தி ஆஃப்டர்நூன்' ஒருவழியாகப் படித்து முடித்தேன். 1932இல் வந்தது, நாவல் இல்லை, முழுக்க ஸ்பெயின் காளைச் சண்டை. எடுத்த எடுப்பிலேயே குதிரைகளைப் பற்றித்தான் பேச்சு: ஈட்டிக்காரர் ஏறி வரும் கிழட்டுக் குதிரையின் வயிற்றைக் காளை கிழிப்பதும், குடல் தொங்க அது ஓடுவதும். அதில் ஒரு நகைச்சுவை இருக்கிறதாம், மனுஷன் கூசாமல் எழுதுகிறார்! அங்கேயே மூடி வைத்துவிடலாம் போலிருந்தது.

ஆனால் வீரர் காளையைக் கொல்லும் கணத்தை விளக்கும் இடம் வேறு ரகம். இடது கைத் துணியைத் தாழ்த்திக் காளையின் தலையைக் கீழே இறக்கிக்கொண்டே, வலது கையில் வாளோடு கொம்புக்கு மேலாகச் சாய வேண்டும், துணி கொஞ்சம் பிசகினால் கொம்பு தொடைக்குள்.

நடுநடுவே கற்பனையாக ஒரு பாட்டியம்மாவை உட்கார வைத்துக் கேள்வி கேட்க வைக்கிறார், அப்புறம் அலுத்துப்போய் புத்தகத்தை விட்டே துரத்திவிடுகிறார். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பனிப்பாறையில் எட்டில் ஒரு பங்குதான் தண்ணீருக்கு மேலே தெரியும், எழுத்திலும் தெரிந்ததில் பெரும்பகுதியைச் சொல்லாமல் விடலாம் என்ற அந்தப் பிரபல எழுத்துப் பாடமும் இதில்தான் இருக்கிறது. ரத்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் நேரே அந்தப் பாடம் வரும் பதினாறாம் அத்தியாயத்துக்குப் போங்கள்.