லமார் ஜாக்சனின் கல்லூரி வீடியோவில் எதைப் பார்ப்பது?

அமெரிக்கக் கால்பந்தில் ஓடவும் எறியவும் தெரிந்த குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) என்றாலே பலர் ஓட்டத்தில் மயங்கிவிடுகிறார்கள். லூயிவில் பல்கலைக்கழகத்துக்காக 2016-ல் லமார் ஜாக்சன் ஓடியே 1,571 கெஜம் சேர்த்தார், கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் வென்றார். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பாதத்தை. இரண்டு கால்களும் நெருங்கி நின்றபடி எறிந்தால் இடுப்பின் பலம் பந்துக்குப் போகாது, கை மட்டுமே வேலை செய்யும், பந்து அதைப் பிடிக்க ஓடும் ரிசீவரின் தலைக்கு மேலே பறக்கும். ஜாக்சனிடம் இது அடிக்கடி நடந்தது. பயிற்சியில் திருத்தக்கூடிய குறைதான்.

திருத்துவதற்குக் கடினமானது கண். திட்டமிட்ட ஓட்டங்களைத் தனியாக ஒதுக்கிவிட்டு, எறியப் போய் ஓடியவற்றை மட்டும் எண்ணுங்கள். முதல் ரிசீவர் மறைக்கப்பட்டதும் ஓடிவிடுகிறாரா, இரண்டாவது, மூன்றாவது ஆளையும் தேடுகிறாரா? ஜாக்சன் தேடினார். அவரை ரிசீவராக மாற்றச் சொன்னவர்கள் தவறவிட்டது இதைத்தான். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2018-ல் 32-வது ஆளாகப் போனவர், 2019-ல் ஒருமனதாக எம்விபி, அதாவது லீக்கின் மிகச் சிறந்த வீரர்.

இன்னொன்று, ஒவ்வொரு முறையும் பந்து ஹாஷ் கோடுகள் எனும் இரண்டு வரிசைச் சிறு கோடுகளுக்கு இடையிலோ அவற்றின் மேலோ வைத்துத்தான் தொடங்கும்; கல்லூரி மைதானத்தில் இவற்றுக்கு இடையே 40 அடி. என்எஃப்எல்லில் பதினெட்டரை அடிதான். அதனால் கல்லூரியில் பந்து ஓரக் கோட்டில் தொடங்கினால் எதிர்ப்பக்கம் மிக அகலமாகிவிடும். அந்தப் பக்கத்து எல்லைக்கோட்டோரம் எறிந்த பந்துகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், கையின் வேகம் அங்கே தெரியும்.